கயிற்றுக்கு இந்தப் பக்கம்

என்னோடு சேர்ந்து நரைத்த வக்கீல் நண்பர்களே,

நம் சங்கத்து மலருக்காக மூத்தவர்கள் எல்லோரும் தங்கள் கல்வி, பயிற்சி, தொழில் பின்னணி பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்புக் கோட்டுடன் ஒரு புகைப்படமும் வேண்டுமாம். புகைப்படம் தருகிறேன். கல்வியை ஒரே வரியில் முடித்துவிடலாம்: திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தேன், சுமாரான மார்க்கில் தேறினேன். பயிற்சி என்ற இடத்தில் நீங்கள் எல்லோரும் சீனியர்களின் பெயரை எழுதுவீர்கள். எழுதுங்கள், உங்களுக்குக் கிடைத்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்த முதல் வாரத்தில், வராந்தாவில் நின்ற ஒரு பெரியவர், "கடப்புறத்துப் பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். கடற்கரை மீனவ ஊரிலிருந்து வந்த என் காதில் விழட்டும் என்றுதான் கேட்டார். ஆகவே என் பயிற்சியை நான் வேறு இடத்திலிருந்து எழுதப்போகிறேன். அது ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டுவதாக இருந்தால் முழுவதையும் வெட்டுங்கள், பாதியைப் போடாதீர்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு மாதா கோயில் தெருவின் முக்கில் இருந்தது. ஓலைக் கூரை, மண் சுவர். அடுக்களை மட்டும் ஓடு போட்டுத் தெருவை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா அந்த ஓடுகளை சாளை மீன் நன்றாகக் கிடைத்த ஒரு காலத்தில் வாங்கிப் போட்டார். ஊரில் எங்கள் தரத்தில் ஓடு போட்ட அடுக்களை வேறு யாருக்கும் இல்லை. மழையில் அடுப்பு நனையாத வீடு என்று அம்மாவுக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. மழை பெய்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுப்புக்கு வந்துவிடுவார்கள். ஈர விறகுப் புகையும் குடம்புளி கொதிக்கும் வாசனையும் சிரிப்புமாக அந்தச் சின்ன இடம் நிறைந்து கிடக்கும்.

அந்த வருடம் அப்பா தங்கலுக்குப் போயிருந்தார். மீன்பாடு உள்ள தூரத்துக் கரைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து தொழில் செய்வதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அவர் இல்லாத நேரத்தில் ஊரில் புதுச் சப்பரம் செய்தார்கள். மாதா சொரூபத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயரச் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், சிறகு விரித்தபடி. பார்க்க அப்படி ஓர் அழகு. ஆனால் சிறகு இவ்வளவு அகலம் போகும் என்று ஆசாரியும் யோசிக்கவில்லை, ஊர்க்கமிட்டியும் யோசிக்கவில்லை. எங்கள் முக்கில் சப்பரம் திரும்பாது என்பது எல்லாம் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

அந்த முக்கில் ஒரு பக்கம் எங்கள் அடுக்களை. எதிர்ப்பக்கம் ஊர்த்தலைவரின் வலைப்புரை, அதாவது வலையும் சாமானும் போட்டுவைக்கும் கொட்டகை. இரண்டில் எதை இடித்தாலும் சப்பரம் திரும்பும். எதை இடிக்கவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்திருக்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அம்மா, "எங்க வீட்டுல ஆம்பள இல்லாத நேரம் பாத்துதான் மாதாவுக்கு வழி தெரியல்லயோ?" என்று கேட்டாள். அதைத் தெருவில் வைத்துக் கேட்டாள். மறுநாள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வந்து ஒரு வக்கீலைப் பார்த்தாள்.

நான் பார்த்த முதல் வக்கீல் அவர். மேசைக்குப் பின்னால் தடித்த புத்தகங்கள். ஆணியில் தொங்கிய கோட்டுக்கு வியர்வையும் பச்சைக் கற்பூரமும் கலந்த ஒரு மணம். அம்மா சொல்லச் சொல்ல அவர் பாதியைத்தான் கேட்டார். மீதியை அவரே சொல்லிக்கொண்டார். கெட்டவர் அல்ல. சீக்கிரமே கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிக் கொடுத்தார். கோர்ட் ஆமீன் ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் அடுக்களைச் சுவரில் அதன் நகலை ஒட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே எங்களுக்கு ஊர்விலக்கு. ஊரைக் கேட்காமல் கோர்ட்டுக்குப் போனது குற்றம். வழக்கை வாபஸ் வாங்கும்வரை விலக்கு வீட்டோடு யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, அந்த வீட்டு மண்ணை மிதிக்கக் கூடாது. மிதித்தவருக்கும் அதே விலக்கு. கோயிலின் சின்னச் சின்ன வேலைகளைச் செய்யும் மெலிஞ்சியார் தெருத்தெருவாகப் போய் இதைச் சத்தமாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

கடல் வாசலில் கிடக்கிறது, தெரு முழுக்க மீன் நாறுகிறது, நாங்கள் மரச்சீனிக் கிழங்கை மிளகு தொட்டுத் தின்றோம். அம்மா தண்ணீருக்கு அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போனாள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் அவ்வப்போது வேலி ஓரம் நின்று, "ஏ பூனே, இந்தா தின்னு" என்று சத்தம் போட்டு எங்கள் முற்றத்தில் நாலு சாளையை எறிவாள். எங்களிடம் பூனை கிடையாது. அவளிடமும் கிடையாது. தெருவில் இருந்த ஒரே பூனை கண் தெரியாத கிழம். அத்தை எறிந்த சாளையைக் கழுவும்போது அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அதே அத்தையின் கோழி ஒருநாள் எங்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டது. அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'பா, பா' என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாளே தவிர, ஓர் அடி உள்ளே வைக்கவில்லை. கோழி எங்கள் மண்ணைச் சாவகாசமாகக் கிளறிவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பிப் போனது. இவ்வளவு தைரியமான அத்தையே மண்ணை மிதிக்கப் பயப்படுகிறாளே என்பது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றுதான். அந்தத் திருவிழாவில் எனக்குப் புதுநன்மை. எங்கள் சபையில் ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. கோட்டாறில் ஒரு கடையில் வெள்ளைச் சாட்டின் வாங்கி, பக்கத்து வீட்டு அத்தைதான் எனக்கு உடுப்பு தைத்திருந்தாள். கை ஓரம் லேஸ், இடுப்பில் பின்னால் கட்டும் பெரிய ரிப்பன் முடிச்சு. கூடவே தலைக்குக் கிரீடம் மாதிரி ஒரு காகிதப்பூ முடி. எல்லாம் தகரப் பெட்டியில் பாச்சை உருண்டை வாசனையோடு காத்துக்கிடந்தன. அம்மா தண்ணீருக்குப் போன நேரங்களில் பெட்டியைத் திறந்து அந்த உடுப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்த வயதில் உலகத்தில் அதைவிட நான் ஆசைப்பட்ட பொருள் வேறு இல்லை.

விலக்கு வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மை இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. பங்குச்சாமியார் புதிதாக வந்த இளைஞர். ஊரைப் பகைத்துக்கொள்ள அவருக்குத் துணிவில்லை. மறைக்கல்வி வகுப்பு எடுத்த உபதேசியார்தான் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார். "அழாத மக்கா. புதுநன்ம எடுக்கது வர நீ சின்னப்பிள்ள. ஊர்க்கணக்குல நீ கெடயாது. ஒன்னய ஒரு சட்டமும் பிடிக்காது." ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அழுதுகொண்டே கேட்டேன், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அம்மா மறுபடியும் வக்கீலிடம் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கோர்ட் ஆர்டர் இருக்கும்மா. ஒருத்தன் உங்க சுவத்தத் தொடமுடியாது" என்றார்.

"செவரத் தொடல்ல சார்," என்றாள் அம்மா. "எங்களத்தான் ஒருத்தரும் தொடமாட்டேங்குதாவ."

அவர் அதற்கு என்னவோ ஒரு செக்‌ஷன் சொன்னார். இத்தனை வருடம் தொழில் செய்த பிறகு இன்று எனக்குத் தெரிகிறது, அந்த இடத்துக்குப் பொருந்தாத செக்‌ஷன் அது. அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். எங்களையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். கூட்டம் என்றால் மணிமேடையிலிருந்து கொடிமரம் வரைக்கும் ஒரு கயிறு கட்டுவார்கள். பழைய மடி வலையில் இழுத்துத் தேய்ந்த கயிறுதான். கயிற்றுக்கு உள்ளே ஆண்கள், வெளியே பெண்கள். புதுநன்மை எடுத்த பெண்பிள்ளை அன்றைக்கே கயிற்றுக்கு வெளியே போய்விடுவாள். வெளியிலிருந்து சத்தம் வரக்கூடாது. பெண்ணுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அவள் வீட்டு ஆண் ஒருவன் அவளுக்காகப் பேசவேண்டும். புதுநன்மை எடுக்காத வாண்டுகள் மட்டும் ஆண் பெண் பேதமில்லாமல் உள்ளே மணலில் புரண்டுகொண்டிருக்கும். நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். என்னைவிடச் சின்னப்பிள்ளைகள் நடுவில் கால் நீட்டி உட்கார எனக்கு மானக்கேடாக இருந்தது.

எங்களுக்காகப் பேச வந்தவர் தாய்மாமா; அதற்காக அன்றைக்கு அவர் மட்டும் எங்களோடு பேசலாம் என்று ஊர் விட்டுக்கொடுத்திருந்தது. கிளம்பும்போது அம்மா அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "அடுக்கள போவாது. கேஸும் போவாது. இது ரெண்டயும் மட்டும் சொல்லிட்டு இருந்துரு, தம்பி."

மாமா எழுந்து நின்றார். தலைவரைப் பார்த்தார். தலைவரின் வள்ளத்தில்தான் மாமாவுக்கு வேலை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அக்கா தெரியாம செஞ்சிட்டா. கேஸ வாபஸ் வாங்கிருவா. ஊருக்கு என்ன தோணுதோ அத செய்யட்டு" என்றார்.

கயிற்றுக்கு வெளியே திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் திணித்து நின்றாள். அழுகையை அடக்க அல்ல. வாயைத் திறந்தால் சத்தம் வந்துவிடும், வந்தால் அதுவும் ஒரு குற்றமாகி இருக்கிற அடுக்களையும் போய்விடும், அதற்காக.

வக்கீல் வேலை என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான் நண்பர்களே. பின்னால் நிற்பவள் சொன்னதைச் சொல்லவேண்டும். உனக்கு வசதியானதை அல்ல, எதிரே இருப்பவனுக்கு இனிப்பானதை அல்ல. இன்றுவரை எந்தக் கட்சிக்காரர் சொன்னதையும் நான் மாற்றிச் சொன்னதில்லை. இது எந்தச் சட்டக் கல்லூரியும் எனக்குத் தந்ததல்ல, பயந்துபோன ஒரு தாய்மாமா தந்தது.

நான் எழுந்துவிட்டேன். "எங்கம்மா அப்பிடிச் சொல்லல்ல! மாமா பொய் சொல்லுதாவ!"

என் குரல் உங்களுக்குத் தெரியும். மைக் வேண்டாத குரல் என்று எத்தனை நீதிபதிகள் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய குரல் அது. கோயில் மாடத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

தலைவர், "யாருட்டி அது? பொட்டப்பிள்ளயெல்லாம் எங்கன நின்னு பேசுகு?" என்று அதட்டினார்.

"நான் புதுநன்ம எடுக்கல்ல பாட்டா," என்றேன். வயதான ஆண்களை நாங்கள் பாட்டா என்றுதான் கூப்பிடுவோம். "நீங்கதான எடுக்கண்டாம்னு சொன்னிய? அப்பம் நான் சின்னப்பிள்ள. என்னய ஒரு சட்டமும் பிடிக்காது. உபதேசியார்ட்ட கேளுங்க."

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அந்த மனிதர் பொய் சொல்லிப் பழகாதவர். தலையைச் சொறிந்துகொண்டு, "மொறப்படி பாத்தா பிள்ள சொல்லுகது சரிதான்" என்றார்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "செரி, கேஸ வாபஸ் வாங்காண்டாம். கோர்ட்டு நாவர்கோயில்ல கெடக்கு, மாதா இஞ்ச இருக்கா. நாளைக்குக் காலத்த அடுக்களய இடிக்கம். யாரு தடுக்கான்னு பாப்பம்."

அப்போது என் நினைவுக்கு வந்தது அத்தையின் கோழிதான்.

"யாரு இடிப்பா பாட்டா?" என்று கேட்டேன். "எங்க மண்ண மிதிச்சா அவியளுக்கும் வெலக்குன்னு சொன்னிய. அடுக்கள எங்க மண்ணுலல்லா நிக்கி. மிதிக்காம எப்பிடி இடிப்பிய?"

முதலில் கேட்டது இளவட்டங்களின் சிரிப்பு. பிறகு பெரியவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு செருமல். கடைசியாக, வரக்கூடாத இடத்திலிருந்து, கயிற்றுக்கு வெளியே இருந்து, ஒரு சிரிப்பு வந்தது. யார் என்று பார்க்கத் தலைவர் திரும்பினார். எல்லாப் பெண்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

கோபம் வந்தவனை எதிர்த்தரப்பில் வைத்துக்கொண்டு நாம் எத்தனை வழக்கு ஜெயித்திருக்கிறோம்! தலைவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அவ்வளவுதான? இந்த நிமிசமே வெலக்க எடுத்தாச்சு. நாளைக்கு இடிச்சாச்சு. ஏலே மெலிஞ்சி, போய்ச் சொல்லுல." கூட்டமும் தலையாட்டியது. ஊர் பல நாள் கட்டிவைத்த கட்டை ஒரே மூச்சில் அவரே அவிழ்த்துவிட்டார்.

மெலிஞ்சியார் இந்த முறை எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் அதிகச் சத்தமாகச் சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வேலியைத் தாண்டி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே தண்ணீர்க் குடங்கள், விறகு, தேங்காய், ஓலைப்பெட்டி நிறைய சாளை. எத்தனை நாள் அடக்கிவைத்த பேச்சு அது! எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அழுதார்கள், அம்மாவைத் திட்டினார்கள். "ஏட்டி, எப்பிடி எலும்பா போயிட்டே!" எனக்குப் பசித்தது. மீன் வாசனை எங்கள் அடுக்களையிலிருந்தே வருகிறது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் காலையில் தலைவர் கடப்பாரையும் ஆளுமாக வந்தபோது அடுக்களைக்குள் கால் வைக்க இடமில்லை. அவர் கூட்டிவந்த ஆட்களின் மனைவிகளும் தாய்மார்களும் உள்ளே வரிசையாக உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். கதவருகே, செதில் ஒட்டிய கையோடு, தலைவரின் மனைவியே உட்கார்ந்திருந்தார்.

"இஞ்ச என்ன சோலி ஒனக்கு?" என்றார் தலைவர்.

"வெலக்குதான் எடுத்தாச்சே, வரப்பிடாதா?" என்றார் அந்த அம்மாள், தலையை நிமிர்த்தாமலே. "மீன் புளிமொளம் கொதிக்கி. நீங்க போயி நம்ம வலப்புரய இடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள இது வெந்துரும்."

கோயில் முற்றத்தில் கயிறு கட்டத் தெரிந்தவர்களுக்கு அடுக்களையில் கயிறு கட்டத் தோன்றியதே இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார்கள்.

திருவிழாவன்று எங்கள் முக்குக்கு வந்ததும் சம்மனசுகளின் சிறகைக் கழற்றி, சப்பரத்தைத் திருப்பி, சிறகை மறுபடி மாட்டிக்கொண்டு போனார்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அது ஏதோ பழைய சடங்கு என்று வெளியூர்க்காரர்கள் கைகூப்பிப் பார்க்கிறார்கள்.

அம்மா வக்கீலிடம் போய் அடுக்களை தப்பிவிட்டது என்று சொன்னாள். அவர் மலர்ந்த முகத்தோடு, "பாத்தியாம்மா, நம்ம ஆர்டர் வேலை செஞ்சிட்டுது" என்றார். தலைவரின் முதல் வேகத்தைத் தடுத்தது அந்தத் தாள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல வருடம் கழித்து ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு அவரிடமே போனபோது, "உங்க அம்மா கேஸை நான்தானே ஜெயிச்சுக் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அவர் பெயரை மலரில் என் சீனியர் என்று போட்டுவிடாதீர்கள்.

முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. விலக்கு எடுத்ததும் உபதேசியார் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, உன் பெயரையும் சேர்த்தாயிற்று, உடுப்பை எடுத்து வெயிலில் போடு என்றார். பெட்டியைத் திறந்தேன். சாட்டின் மேல் கையை வைத்தேன். கயிற்றுக்கு வெளியே முந்தானையைக் கடித்து நின்ற அம்மா நினைவுக்கு வந்தாள். இந்த உடுப்பைப் போட்ட அன்றைக்கே நானும் அங்கேதான் போய் நிற்கவேண்டும்.

"எனக்குப் புதுநன்ம வேண்டாம்," என்றேன்.

அம்மா கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அது ஒன்றுதான். உபதேசியார் போனபிறகு ஏன் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு அந்த உடுப்பை மடித்துப் பக்கத்து வீட்டு அத்தையின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். திருவிழாவில் அந்த வெள்ளைச் சாட்டின் பீடத்தை நோக்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. இப்போது இதை எழுதும்போதும் வலிக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு! எல்லோரும் நற்கருணைக்கு எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். புதுநன்மை எடுக்காதவளுக்குக் கோயிலில் கல்யாணம் இல்லை என்பதால் அதுகூடப் பதிவு அலுவலகத்தில்தான் நடந்தது. கடைசிக் காலத்தில் அம்மா, "போதும் மக்கா, எடுத்துரு" என்று கேட்டாள். அவளுக்கும் முடியாது என்றுதான் சொன்னேன்.

இன்றும் எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு அந்தக் கயிறு கட்டுகிறார்கள். நைலான் கயிறு, அவ்வளவுதான் மாற்றம். முழங்கால் வலியோடு போய், உள்ளே, வாண்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். புதுநன்மை எடுக்காத சின்னப்பிள்ளை நான், என்னை ஒரு சட்டமும் பிடிக்காது. வெளியே இருந்து பெண்கள் சொல்வார்கள், அதை ஒரு சொல் மாற்றாமல் நான் கூட்டத்தில் சொல்வேன். குடிதண்ணீர்க் குழாய், கரையில் மீன் விற்கிற இடம், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், எல்லாம் என் வழியாகத்தான் கூட்டத்துக்குள் வந்தன. இது என் தொழில் பின்னணி. கோர்ட்டு அதற்குப் பிறகுதான்.

போன கூட்டத்தில் இப்போதைய தலைவர், அந்தப் பழைய தலைவரின் பேரன், பொறுமை இழந்து கேட்டான்: "வக்கீலம்மா, வயசு இவ்வளவு ஆச்சு. நீங்க எப்பந்தான் புதுநன்ம எடுப்பிய?"

"நீ இந்தக் கயித்த அவுக்குக அன்னைக்கு, மக்கா," என்றேன்.